நாய்க்குச் சிப் போடும் முன்னும் போட்ட பின்னும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டுதான் கிளினிக்குக்கே வருகிறார்கள்: மைக்ரோசிப் ஜிபிஎஸ் கிடையாது. நாய் காணாமல் போனால் போனை எடுத்து மேப்பில் பார்த்து, "ஓ, பெருங்குடி பக்கம் போயிருக்கு" என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்குள் பேட்டரியே இல்லை. சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குப்பி, ஊசியால் தோலுக்கு அடியில் வைப்பார்கள், உள்ளே ஒரு செப்புச் சுருளும் ஒரு துளி சிப்பும். ஸ்கேனரை நாயின் தோள் பக்கம் கொண்டுபோனால் அதிலிருந்து வரும் ரேடியோ அலை அந்தச் சுருளுக்கு ஒரு நொடி உயிர் கொடுக்கும், சிப் தன்னுடைய 15 இலக்க எண்ணைச் சொல்லும், மறுபடி தூங்கிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் பெயர், விலாசம், ஆதார் எதுவும் அதற்குள் இல்லை, எந்த எண் யாருடைய நாய் என்ற பட்டியல் வெளியே தனியாக இருக்கும். சாதாரண ஸ்கேனர் பத்து சென்டிமீட்டர் பக்கத்தில் வந்தால்தான் அதைப் படிக்கும், அதனால் யாரோ தூரத்திலிருந்து உங்களை வேவு பார்க்கிறார்கள் என்ற பயமும் தேவையில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது இப்போது விருப்பப்பட்டால் செய்யும் விஷயமாக இல்லை. 2025 கடைசியில் மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றது, எடுக்காவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்றது, உடனே ஊரே நாயைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. ஆட்டோவில் லாப்ரடார், ஸ்கூட்டர் முன்னால் பொமரேனியன், ஒரு பெரியவர் கட்டைப்பையில் டாஷ்ஹண்டைத் தலை மட்டும் வெளியே தெரிய வைத்துக்கொண்டு. காலக்கெடுவைத் தள்ளித் தள்ளி டிசம்பர் 14 வரை கொண்டுபோனார்கள். அப்போது உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான், மாநகராட்சி மையங்களில் சிப்புக்கும் காசு வாங்கவில்லை. ஆனால் அவசரத்தில் போட்டுக்கொண்டு வந்த பலருக்கு, நாய்க்குள் என்ன வைத்தார்கள், அந்த எண் எங்கே பதிவானது, நாளைக்கு அது எதற்கு உதவும் என்று கேட்டால் பதில் தெரியாது. இந்தக் கட்டுரை அவர்களுக்கும், இன்னும் போடாதவர்களுக்கும்.

என்ன பிரயோசனம்

எங்கள் அடுத்த தெருவில் ஒரு வீட்டு நாய், செவலை நிறம், சுத்தமான நாட்டு நாய். சில வருடங்களுக்கு முன் தீபாவளி அன்று மாலை ஆறரை மணிக்கு யாரோ வாசலிலேயே பத்தாயிரம் வாலா வைத்தார்கள். கேட் திறந்திருந்தது, பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. நாய் வளர்க்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, தீபாவளிச் சமயத்தில் நாய்கள் நிறையத் தொலையும். மூன்றாம் நாள் நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு நல்ல மனுஷர் அதைப் பிடித்து, வீட்டு நாய் மாதிரி இருக்கிறதே என்று பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஸ்கேன் பண்ணினால் பீப் சத்தம் வந்தது, எண் வந்தது. எண்ணைப் பட்டியலில் தேடினால் போன் நம்பரும் வந்தது. கூப்பிட்டால்? "நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை." சிப் போட்ட சமயத்தில் வீட்டுக்காரரிடம் இருந்த சிம் அது, அப்புறம் கம்பெனி மாறினார், நம்பரும் மாறியது, பட்டியலில் மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் சுற்றிய போட்டோவைப் பார்த்து ஒரு டீக்கடைக்காரர்தான் இரண்டு பக்கத்தையும் இணைத்துவைத்தார்.

ஆக, சிப் தன் வேலையைச் சரியாகச் செய்தது. மனுஷன்தான் செய்யவில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2009ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக்காரர்கள் காப்பகங்களுக்கு வந்த சிப் வைத்த விலங்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தெருவில் அகப்பட்டு வந்த நாய்களை மொத்தமாக எடுத்தால் 21.9 சதவீதம்தான் வீடு திரும்பியிருந்தன, சிப் இருந்த நாய்களில் 52.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல், சந்தோஷமான விஷயம்தான். ஆனால் சிப் இருந்தும் கிட்டத்தட்ட பாதி நாய்கள் உரிமையாளரிடம் போய்ச் சேரவில்லை, அதற்கான காரணங்களில் முக்கியமானது போன் நம்பர் தப்பு, இல்லையென்றால் செத்துப்போன நம்பர். எண்ணைப் பட்டியலில் பதியவே இல்லை என்பது இன்னொன்று.

நாட்டு நாய் வைத்திருப்பவர்களுக்கு நான் தனியாகச் சொல்வேன். லாப்ரடாரோ ஹஸ்கியோ தெருவில் தனியாக நடந்தால் ஊரே நின்று பார்க்கும், யாராவது பிடித்துக் கட்டிவைப்பார்கள் (அதைத் திருப்பித் தருவார்களா என்பது வேறு கதை). செவலை நாட்டு நாய் பெல்ட் இல்லாமல் நடந்தால் அது தெருநாய். கருத்தடைக்குப் பிடிக்க வரும் மாநகராட்சி வண்டியும் அப்படித்தான் நினைக்கும், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. "இது என் நாய்" என்று நீங்கள் சத்தியம் பண்ணினாலும் அதே ஜாடையில் அந்த ஏரியாவில் இன்னும் இருபது நாய் இருக்கும். அங்கே அந்த 15 இலக்கம்தான் பேசும். திருட்டு விஷயத்திலும் இதேதான். பெல்ட்டைக் கழற்றி எறிய இரண்டு நொடி போதும், தோலுக்கு அடியில் இருப்பதை எடுக்க அறுவை சிகிச்சை வேண்டும்.

சங்கடங்கள், மறைக்காமல்

ஊசி பெரிது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அங்கே போய்ப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குத்தான் மயக்கம் வருகிறது. தடுப்பூசிக்குப் போடும் ஊசி மாதிரி இல்லை, அந்தக் குப்பி உள்ளே போக வேண்டும் என்பதால் குழாய் தடிமனாகவே இருக்கும். மயக்க மருந்து தேவையில்லை, ஒரு நொடி வேலைதான். எங்கள் நாய் மணி "கீச்" என்று ஒரு சத்தம் போட்டான், உடனே மேஜையில் இருந்த பிஸ்கட்டைத் தேடினான், அவ்வளவுதான். சில நாய்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் வரும், இரண்டு நாள் அந்த இடம் லேசாகத் தடித்திருக்கும். பயமாக இருந்தால் 1.4 மில்லிமீட்டர் தடிமனில் சின்ன சிப்பும் உண்டு, அதற்கு மெல்லிய ஊசி போதும், குட்டிக்கும் சிறிய ரக நாய்க்கும் அதைக் கேட்கலாம். ஸ்கேனர் அதைப் படிக்கும் தூரம் சற்றுக் குறைவு என்பதுதான் அதில் ஒரு குறை.

சிப் நகரும். தோளெலும்புகளுக்கு நடுவில் வைத்தது மாதக்கணக்கில் மெதுவாக இறங்கி ஒரு பக்கத் தோளுக்கோ முழங்கைப் பக்கத்துக்கோ போய்விடலாம். நாய்க்கு அதனால் வலி கிடையாது. ஆனால் அவசரமாக ஸ்கேன் பண்ணுகிறவர் முதுகில் மட்டும் ஒரு தடவை காட்டிவிட்டு "சிப் இல்லை" என்று சொல்லிவிடுவார், அதுதான் ஆபத்து.

புற்றுநோய் வருமா என்று கேட்காத ஆளே இல்லை. சோதனைக்கூட எலிகளில் சிப் வைத்த இடத்தில் கட்டி வந்ததாக ஆய்வுகள் இருப்பது உண்மை, அதை இல்லை என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அதே சமயம் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான நாய்களுக்குச் சிப் போட்டாகிவிட்டது, நாய்களில் அப்படிப் பதிவானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2006ல் இத்தாலியிலிருந்து ஒன்பது வயது பிரெஞ்சு புல்டாக் ஒன்றைப் பற்றி எழுதினார்கள், அது மாதிரி ஒன்றிரண்டு. என் கணக்கில், பெல்ட் இல்லாமல் ஓஎம்ஆர் மாதிரி நெரிசலான சாலையில் நிற்கும் நாய்க்கு இருக்கும் ஆபத்தோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் கையை வைத்துப் பார்க்கும்போது கடினமாக, வளர்ந்துகொண்டே போகிற கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், சிப் போட்ட நாயோ போடாத நாயோ.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு ஒன்று: கை. திமிறுகிற குட்டி நாய்க்குப் பழக்கமில்லாத கை ஊசியை ஆழமாக இறக்கி, அது முதுகுத்தண்டு வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மிக மிக அரிது, ஆனாலும் சிவாவா, யார்க்ஷயர் மாதிரி இரண்டு கிலோ நாய் வைத்திருப்பவர்கள் கூட்டமான முகாமில் போட வேண்டாம், அமைதியான ஒரு நாளில் கால்நடை மருத்துவரிடமே போங்கள்.

இன்னொரு பெரிய குறை, நம் நாட்டுக்கே உரியது. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் என்று எதுவும் இல்லை. சென்னையில் உரிமத்தோடு பதிவானது மாநகராட்சியின் கணக்கில் இருக்கும், தனியார் கிளினிக்கில் போட்டது சிப் கம்பெனியின் இணையப் பட்டியலில் இருக்கலாம், நாயை விற்றவர் போட்டது அவர் பெயரிலேயே இருக்கலாம். உங்கள் நாய் செங்கல்பட்டு தாண்டி அகப்பட்டால், எண்ணைப் பார்த்தவர் எங்கே போய்த் தேடுவார்? அதனால்தான் சொல்கிறேன், சிப் போட்டாயிற்று என்று பெல்ட்டில் இருக்கும் தகட்டைக் கழற்றாதீர்கள். தெருவில் நாயைப் பிடிக்கும் ஆளிடம் ஸ்கேனர் இருக்காது, கண்தான் இருக்கும். பெல்ட்டில் போன் நம்பர் பொறித்த ஒரு தகடு, சின்னப் பட்டறையில் கொடுத்தால்கூடப் பொறித்துத் தருவார்கள், பத்தில் ஒன்பது தடவை வேலையை முடித்துவிடும் என்பது என் அனுபவக் கணிப்பு. பெல்ட் கழன்றுபோன அந்த ஒரு தடவைக்குத்தான் சிப்.

போடப் போகும்போது

சரி, முடிவு பண்ணிவிட்டீர்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஐஎஸ்ஓ சிப்பா, 15 இலக்கமா?" ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற சர்வதேசத் தரம், 134.2 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்வது. இதைத்தான் உலகம் முழுக்க ஸ்கேனர்கள் படிக்கும். 9 அல்லது 10 இலக்கம் வரும் பழைய 125 கிலோஹெர்ட்ஸ் வகைகளை விலை மலிவு என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணின் முதல் மூன்று இலக்கத்தையும் பாருங்கள். 356 என்றால் இந்தியக் குறியீடு, 9ல் தொடங்கினால் தயாரிப்பாளர் குறியீடு, இரண்டும் சரிதான். 999 என்று தொடங்கினால் அது சோதனைக்கு ஒதுக்கியது, வாங்காதீர்கள். ஆன்லைனில் பத்து ஊசி ஒரு பாக்கெட் என்று விற்பதை வாங்கி நாமே போட்டுவிடலாம் என்ற யோசனை வருகிறவர்களுக்கு, மேலே முதுகுத்தண்டு பற்றிச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

வாங்கி வளர்க்கும் நாயாக இருந்தால் முதலில் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். கென்னல் கிளப் (ரக நாய்களைப் பதிவு செய்யும் சங்கம்) பதிவு உள்ள குட்டிகளுக்குப் பெரும்பாலும் சிப் ஏற்கனவே இருக்கும். இருந்தால் இரண்டாவது போடத் தேவையில்லை, பெயர் மாற்றினால் போதும். தத்தெடுத்த நாய்க்கும் இதேதான், இப்போது சென்னையில் தெருநாய்களுக்கும் கருத்தடையோடு சிப் வைக்கிறார்கள், நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த தெருக்குட்டிக்கு உள்ளேயே ஒரு எண் இருக்கலாம்.

போடும் அன்று டாக்டர் மூன்று தடவை ஸ்கேன் பண்ண வேண்டும், பண்ணாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். போடும் முன் நாயை ஒரு தடவை. அப்புறம் உறையிலேயே சிப்பை ஒரு தடவை, ஸ்டிக்கரில் அச்சடித்த எண்ணும் ஸ்கேனரில் வரும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க. போட்ட பிறகு நாயை மறுபடி ஒரு தடவை, ஏனென்றால் ஊசியை வெளியே எடுக்கும்போது சிப்பும் கூடவே முடிக்குள் விழுந்துவிடுவது உண்டு, யாரும் கவனிக்காமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரும்பு மேஜை மேலே, சங்கிலி பெல்ட்டோடு ஸ்கேன் பண்ணினால் சரியாகப் படிக்காது, பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். உறையோடு வரும் பார்கோடு ஸ்டிக்கர்களில் ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, எந்த தேதியில், உடம்பில் எந்த இடத்தில் போட்டது என்று டாக்டர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். நம் ஊரில் தோள் நடுவில்தான் வைப்பார்கள், ஐரோப்பாவில் பல இடங்களில் கழுத்தின் இடது பக்கம் வைக்கும் வழக்கம் உண்டு, அங்கிருந்து வந்த நாய் என்றால் அங்கே தேட வேண்டும்.

இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள், அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், மார்புப் பட்டை போடாதீர்கள். சிப் நகர்வதற்கு முதல் சில நாட்களில் அங்கே அழுத்துவதும் ஒரு காரணம்.

வெளிநாடு போகிற திட்டம் இருந்தால் வரிசை ரொம்ப முக்கியம், இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் சிப், அப்புறம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஒரே நாளில் போடலாம், ஆனால் ஊசிக்குப் பிறகு சிப் போட்டால் அந்த ஊசி செல்லாது, மறுபடி போட வேண்டும். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போக, ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும், வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் (IU) குறையக்கூடாது, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் நாலு மாதம். ஜெர்மனியில் வேலை கிடைத்து அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்பவருக்கு நாய் கூடவே வராது, அம்மா வீட்டில்தான் இருக்கும். அமெரிக்காவும் 2024 ஆகஸ்ட் முதல் உள்ளே வரும் எல்லா நாய்க்கும் சிப் கேட்கிறது, ஆறு மாத வயதும் ஆகியிருக்க வேண்டும்.

போட்ட பிறகு

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் அந்த எண் எந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். கிளினிக்கில் "நாங்களே பதிந்துவிடுகிறோம் சார்" என்று சொன்னால் நம்பிவிட்டு வராதீர்கள். நான் நம்பி வந்தேன், எட்டு மாதம் கழித்து சும்மா ஒரு நாள் தேடினால் மணியின் எண்ணுக்கு எதிரே கிளினிக்கின் லேண்ட்லைன் நம்பர்தான் இருந்தது, அதுவும் இரவு எட்டு மணிக்கு மேல் எடுக்கவே மாட்டார்கள். சண்டை போட்டு ஒன்றும் ஆகவில்லை, கடைசியில் நானே உள்ளே போய் மாற்றினேன்.

போன் நம்பர் இரண்டு கொடுங்கள், உங்களுடையது ஒன்று, ஊரைவிட்டு நகராத ஒருவருடையது ஒன்று. அம்மாவோ, மாமாவோ, இருபது வருடமாக அதே நம்பர் வைத்திருக்கும் யாரோ ஒருவர். வீடு மாறினாலோ நம்பர் மாறினாலோ கேஸ் கனெக்‌ஷன் மாற்றும் அன்றைக்கே இதையும் மாற்றிவிடுங்கள். நாயை வேறு ஒருவருக்குக் கொடுத்தால் சிப்பையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த நாய் யாரையாவது கடித்தாலோ தொலைந்தாலோ போன் உங்களுக்குத்தான் வரும். எண்ணை மொபைலில் போட்டோவாகவும் வைத்துக்கொள்ளுங்கள், நாய் தொலைந்த ராத்திரி யாருக்கும் தடுப்பூசிப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஞாபகம் வராது.

தொலைந்துவிட்டால், பட்டியலில் "காணவில்லை" என்று குறிக்கும் வசதி இருந்தால் உடனே குறியுங்கள், பக்கத்தில் இருக்கும் நாலைந்து கிளினிக்குக்கும் நாய்க் காப்பகத்துக்கும் எண்ணை அனுப்புங்கள், ஆனால் அதோடு நிற்காமல் போட்டோவைத் தெரு வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள், பால் போடுபவர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் இவர்களிடம் நேரில் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்குத் தெருவில் நடக்கிறவர்கள் அவர்கள்தான்.

அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை, தடுப்பூசிக்குப் போகும்போதே, ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள். நான் புரட்டாசியில் கூட்டிப்போகிறேன், தீபாவளிக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது என்று. போன தடவை மணியின் முதுகில் இரண்டு முறை காட்டியும் பீப் வரவில்லை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் அவசரப்படாமல் ஸ்கேனரை வளைத்து வளைத்து இடது முழங்கை வரை கொண்டுபோனார், அங்கேதான் கத்தியது. புத்தகத்தில் பழைய எழுத்தை அடித்துவிட்டு "இடது முழங்கைக்கு மேல்" என்று எழுதிக் கொடுத்தார், நான் அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.